ஓரத்தில் நிற்பவர்களைக் கேளுங்கள்

“எங்க கேமரா மேல சேறு அடிச்சிருக்காங்க மேடம்,” என்றார் கேமரா கம்பெனியின் ஜி.எம். “சாதாரண சேறு இல்ல. மெகா சேறு.”

ரேடியோ தன் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டான். உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகவில்லை. இது ஐந்தாவது ‘மெகா’. மெகா திட்டம், மெகா விளம்பரம், மெகா எதிர்காலம், நடுவில் வாசலைப் பார்த்துக் கூவிய மெகா காபி, இப்போது சேறு.

வாய் மூடாமல் பேசுவதால் வீட்டில் வைத்த பெயர் ரேடியோ. வயது முப்பத்தெட்டு. அருகில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவனுடைய அண்ணி. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எது தொலைந்தாலும் கண்டுபிடித்தவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷம் பவர் பார்த்தார். பிறகு அதே கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். கீழே கண்ணைச் சோதித்தவர் மேலே மனிதர்களைச் சோதிக்க ஆரம்பித்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

“கடிதத்தைக் காட்டுங்க,” என்றார் அண்ணி.

ஜி.எம். ஒரு தாளை நீட்டினார். கம்ப்யூட்டரில் அடித்தது. கையெழுத்து இல்லை. சேர்மனுக்கு ஒன்று, இரண்டு பத்திரிகைகளுக்கு ஒவ்வொன்று போயிருந்தது. இரண்டே வரி.

‘விளம்பரத்தில் இருக்கும் படம், கடையில் விற்கப்போகும் கண்மணி-20 எடுத்தது அல்ல. அந்தக் கேமராவின் லட்சணம் தெரிய வேண்டுமானால் ஓரத்தில் நிற்பவர்களைக் கேளுங்கள்.’

“கடைசி வரி நல்லா இருக்கே,” என்றான் ரேடியோ. “கவியரங்கத்துல கைதட்டல் வாங்கும்.”

“கவிதை இல்ல சார், யூனியன்! ஓரத்தில் நிற்பவர்கள்னா வேற யாரு?” ஜி.எம். மேஜையைத் தட்டினார். “எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும். லென்ஸ் பரிசோதனையில ஒரு அம்மா இருக்காங்க. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கண்மணி-20 வெளிய போகக் கையெழுத்து போடுங்கன்னா மாட்டேன்னுட்டாங்க. சஸ்பெண்ட் பண்ணி வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்த வாரமே இந்த மொட்டைக் கடிதம். சாயங்காலம் நாலு மணிக்கு சேர்மன் மீட்டிங். அவங்கதான் எழுதினாங்கன்னு நீங்க நிரூபிச்சா, அங்கேயே சீட்டைக் கிழிச்சிடலாம்.”

“படம் கண்மணியில எடுத்ததுதானா?”

“என் பிள்ளைங்க மேல சத்தியமா!” ஜி.எம். சுவரைக் காட்டினார். பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள், சட்டம் போட்ட குடும்பப் படத்தில். மகள் பட்டம் வாங்கிய நாளாம். நடுவில் ஜி.எம். வாட்டசாட்டமாக நின்றார். இடப்பக்கம் ஒட்டினாற்போல் பட்டதாரி மகள், வலப்பக்கம் மகன். வலது ஓரத்தில் அவர் மனைவி. அந்த அம்மாவின் கன்னமும் தோளும் சட்டத்தையே இரண்டு அங்குலம் தள்ளிவிடும் போல அகலமாக இருந்தன. வீட்டில் நல்ல சாப்பாடு போலிருக்கிறது என்று ரேடியோ நினைத்துக்கொண்டான். அதிசயமாக, வாய்விட்டுச் சொல்லவில்லை.

“இதுவும் கண்மணியில எடுத்ததா?” என்றார் அண்ணி.

“வேற எதுல எடுப்பேன்? மொத்தக் குடும்பமும் அடங்கும். இருபது மெகாபிக்சல்!”

“விளம்பரப் படத்தை எடுத்தது யாரு?”

ஜி.எம். முதல் முறையாகத் தொண்டையைக் கனைத்தார். “டெஸ்ட்டுக்கு யாரோ எடுத்தது. ஃபைல்ல கிடந்துச்சு. நல்லா இருந்துச்சு, போட்டுட்டோம்.”

அண்ணி எழுந்தார். அலமாரியில் அடுக்கியிருந்த கண்மணி பெட்டிகளில் ஒன்றையும் விளம்பரப் படத்தின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டியின் மேல் ‘20’ என்ற எண் கேமராவை விடப் பெரிதாக இருந்தது. லென்ஸைப் பற்றி எங்காவது ஒரு வார்த்தை இருக்கிறதா என்று ரேடியோ ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கத்தில், ‘ஈரம் படாமல் வைக்கவும்’ என்பதற்குக் கீழே, ‘லென்ஸ் உண்டு’ என்று போட்டிருந்தது.

“நல்லவேளை,” என்றான்.

விளம்பரப் படத்தில் இருந்தது ஒரு சலூன். பெயர்ப் பலகை தெளிவாகத் தெரிந்ததால் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. கதவோரம் கத்திரிக்கோலோடு நின்று வாய்கொள்ளாமல் சிரிக்கும் சலூன்காரர். அவருக்குப் பின்னால் நிழல் மரம். இலைகளுக்கு நடுவே பொட்டுப் பொட்டாக வெயில்.

படத்தில் சிரித்தவர் நேரில் சிரிக்கவில்லை.

“ஊர்ச் சுவர் பூரா என் மூஞ்சிதான். என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்று அவர் பொருமினார். “வர்றவன் எல்லாம், அண்ணே அந்த மாதிரி ஒரு தடவை சிரிங்கங்கறான். சிரிச்சா கத்திரி கோணலாப் போகுது. கோணலாப் போனா அவன் சிரிக்க மாட்டேங்கறான்.”

அண்ணி படத்தில் நிழல் விழுந்த பக்கத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தரை மணி வெயில். சரியா வந்திருக்கோம். ரேடியோ, அதே இடத்துல நின்னு எடு.”

ரேடியோ எடுத்தான். நாலு கடை தள்ளியிருந்த பிரிண்ட் கடைக்கு ஓடி, அதே அளவில் அச்சடித்துக்கொண்டு வந்தான். அண்ணி இரண்டு படங்களையும் சலூன் கண்ணாடியின் முன்னால் சாய்த்து வைத்து, பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கேட்டார்.

“இது தெளிவா? இல்ல, அது தெளிவா?”

“அது,” என்றார்கள் ரேடியோவும் சலூன்காரரும் ஒரே குரலில். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த வாடிக்கையாளரும் “அது” என்றார்.

“ஏன்?”

ரேடியோ குனிந்து பார்த்தான். தான் எடுத்த படத்தில் நடுப்பகுதி ஏதோ தேறியது. ஓரத்துக்குப் போகப் போக எல்லாம் தண்ணீரில் ஊறிய தாள் மாதிரி நைந்திருந்தது. சலூன்காரரின் ஒரு காது கன்னத்தை விட்டு வெளிநடப்புச் செய்திருந்தது. கிளைகளின் விளிம்பு நெடுக ஊதா நிறக் கரை.

“மரத்துக்கு யாரோ மை தீட்டிவிட்ட மாதிரி இருக்கு அண்ணி.”

“இலைக்கு நடுவுல வெயிலைப் பாரு.”

விளம்பரப் படத்தில் வெயில் பொட்டு ஒவ்வொன்றும் நட்சத்திரமாக மின்னியது. ஒவ்வொன்றுக்கும் கணக்காக ஆறு முனை. ரேடியோ எடுத்ததில் நட்சத்திரமே இல்லை. உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி வட்ட வட்டமாக வெளிச்சம்.

“கேஸ் முடிஞ்சுது,” என்றான் ரேடியோ. “கடிதத்துல இருக்கறது நிஜம். இதை எடுத்தது கழுத்துல தொங்கவிடுவாங்களே, அந்தப் பெரிய கேமரா. ஜி.எம். தன் பிள்ளைங்க மேல பண்ணினது மெகா பொய்ச் சத்தியம்.”

“கத்திரிக்கோல் தெளிவா இருக்கா?”

“இருக்கு.”

“பின்னாடி மரம்?”

“இலை இலையா எண்ணலாம்.”

“பெரிய கேமராவுல இவ்வளவு கிட்ட நின்னு ஆளை எடுத்தா, மரம் பெரும்பாலும் கலங்கிப் போகும். கிட்ட இருக்கறதும் எட்ட இருக்கறதும் ஒண்ணா தெளிவா விழறது சின்னக் கேமராவோட குணம்.”

அண்ணி சலூன்காரரிடம் திரும்பினார். “படம் எடுத்தவங்க கையில எவ்வளவு பெரிய கேமரா இருந்துச்சு?”

“இதேதாம்மா. உள்ளங்கைக்குள்ள அடங்கற இதே டப்பா. ஒரு அம்மா வந்தாங்க, கொஞ்சம் வயசானவங்க. எடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடியை மூணு தடவை கைக்குட்டையால துடைச்சாங்க. நான் ஜம்முனு நடுவுல போய் நின்னேன். இல்லீங்க, ஓரத்துக்கு வாங்க, எனக்கு ஓரம்தான் முக்கியம்னாங்க. என்ன பொம்பளைடா இதுன்னு சிரிச்சேன் பாருங்க, அந்தச் சிரிப்புதான் இது.”

ரேடியோவுக்கு உச்சந்தலையில் பளீரென்றது. “அண்ணி! ஓரம்! ‘ஓரத்தில் நிற்பவர்களைக் கேளுங்கள்!’ லென்ஸ் பரிசோதகர் அம்மாதான். படம் எடுத்ததும் அவங்க, கடிதம் எழுதினதும் அவங்க. எனக்கே பாவமாத்தான் இருக்கு, ஆனா ஜி.எம். சொன்னது சரி.”

“அவங்களே எடுத்த படத்தை அவங்களே பொய்னு எதுக்குச் சொல்லணும்?”

ரேடியோ திறந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

பரிசோதகர் அம்மா குடியிருந்தது இரண்டாவது மாடியில். உள்ளே விட்டார், உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு டம்ளரையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரேடியோவுக்கு வந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் வேறு கொண்டுவந்தார்.

“அதுல ஒரு சுழி இருந்துச்சு,” என்றார். “மன்னிச்சுக்கோங்க. பழக்கம்.”

அண்ணி விளம்பரப் படத்தை முன்னால் வைத்தார். அந்த அம்மா அதைத் தொடவில்லை. நல்லபடியாக வளர்ந்து கெட்ட சகவாசத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நான்தான் எடுத்தேன். கண்மணியிலதான். ஆனா இப்போ பெட்டியில போட்டு வெச்சிருக்காங்களே, அந்தக் கண்மணி இல்ல.”

“ரெண்டு கண்மணியா?” என்றான் ரேடியோ.

“உடம்பு ஒண்ணு. கண்ணு வேற.” பழைய செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் வரைந்து காட்டினார். “முதல்ல மூணு சாம்பிள் பண்ணினோம். அஞ்சு கண்ணாடி, ஒவ்வொண்ணும் ஒரு தப்பைத் திருத்தும். ஒண்ணு நிறம் பிரியாம பார்த்துக்கும், இன்னொண்ணு ஓரம் கலங்காம பார்த்துக்கும். நடுவுல வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஆறு தகடு. அந்த ஆறு தகடு சேர்ற இடத்துலதான் நட்சத்திரத்துக்கு ஆறு முனை வருது. பன்னெண்டு மெகாபிக்சல்தான், ஆனா படம் அப்படி இருக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஜி.எம். வந்தார். கண்ணாடி வேணாம், மூணு பிளாஸ்டிக் போதும்னார். ஆறு தகடு வேணாம், ஒரு ஓட்டை போதும்னார். மிச்சம் பிடிச்சதுல பன்னெண்டை இருபது ஆக்கினார். இன்னும் அகலமாப் பிடிக்கணும், குடும்பம் பூரா அடங்கணும்னார். அந்த பிளாஸ்டிக்ல அகலமாப் பிடிச்சா நேர்கோடெல்லாம் தொப்பை போடும். அதை மறைக்க, உள்ள இருக்கற ப்ரோகிராம் படத்தோட ஓரத்தைப் பிடிச்சு இழுக்கும். கோடு நேராயிடும். ஓரத்துல எது இருக்கோ அதுவும் சேர்ந்து இழுபடும்.”

“ஒழுங்காத் தெரியாத ஒண்ணை இருபது மெகாபிக்சல்ல எடுத்தா?” என்றான் ரேடியோ.

“ஒழுங்காத் தெரியாததை இருபது மடங்கு விவரமா எடுக்கும்,” என்றார் அந்த அம்மா சிரிக்காமல். “இதுக்குத்தான் கையெழுத்து போட மாட்டேன்னேன்.”

“கடிதம்?” என்றார் அண்ணி.

“நான் எழுதல.”

“நம்பச் சொல்றீங்களா?”

“இருபத்திரண்டு வருஷமா என் வேலையே கையெழுத்து போடறதும் போடாம இருக்கறதும்தான். நான் எழுதியிருந்தா அடியில என் பேர் இருக்கும்.” பென்சிலைக் கீழே வைத்தார். “வேலை போனா போகட்டும். ஆனா மொட்டைக் கடிதம் எழுதினவள்னு சொல்லி அனுப்பினா, நான் இதுவரைக்கும் போட்ட அத்தனை கையெழுத்துக்கும் என்ன அர்த்தம்?”

ரேடியோ குறிப்பேட்டை மூடிவைத்தான். தண்ணீரைக் குடித்தான்.

“மூணு சாம்பிளும் இப்ப எங்கே?” என்று கேட்டார் அண்ணி.

“ஒண்ணு என் மேஜையில இருந்துச்சு. அதுலதான் இந்தப் படம் எடுத்தேன். சஸ்பெண்ட் பண்ணின அன்னிக்குப் பிடுங்கிட்டாங்க. இன்னொண்ணு சேர்மனுக்குப் போச்சு. மூணாவதை ஜி.எம். வீட்டுக்குக் கொண்டுபோனதாச் சொன்னாங்க.”

“வீட்டுக்கு,” என்றார் அண்ணி. அந்த ஒரு வார்த்தையை வாயில் போட்டு மென்றபடி பால்கனிக்குப் போய் யாருக்கோ போன் செய்தார். கதவைச் சாத்திக்கொண்டதால் ரேடியோவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர் அந்த அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: “நாலு மணிக்கு நீங்களும் வாங்க.”

மீட்டிங் அறையில் நீள மேஜை. தலைப்பக்கம் சேர்மன். எண்பதை நெருங்குகிறவர், காது கூர்மை, கண் சுமார். அவர் பக்கத்தில் ஜி.எம்., இருபுறமும் மற்ற மேனேஜர்கள். பரிசோதகர் அம்மா கதவுக்கு அருகே இருந்த கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே, டைப் அடித்துத் தயாராக வைத்த டிஸ்மிஸ் கடிதம்.

“சார், உங்களுக்கு ஒரு சாம்பிள் கேமரா வந்துதாமே?” என்றார் அண்ணி.

சேர்மன் இழுப்பறையைத் திறந்தார். கேமரா கட்டிய ரிப்பனோடு அப்படியே இருந்தது. “இருக்கு. அந்த அம்மா கையெழுத்து போட்டா சரியாத்தான் இருக்கும்னு நான் பிரிச்சே பார்க்கல.”

ரேடியோ இரண்டு கேமராவிலும் அந்த அறையை ஒருமுறை எடுத்து, சுவரில் இருந்த திரையில் அடுத்தடுத்துப் போட்டான். அண்ணி வழக்கமான கேள்வியைக் கேட்டார். “இது தெளிவா? அது தெளிவா?”

“முதல்லது,” என்றார் சேர்மன். “ரெண்டாவதுல அந்த மூலையில உட்கார்ந்திருக்கறது யாரு, சோபாவா?”

“கணக்கு மேனேஜர் சார்.”

கணக்கு மேனேஜர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அண்ணி ஐந்து கண்ணாடிக் கதையையும் ஆறு தகட்டுக் கதையையும் சுருக்கமாகச் சொன்னார். “அதனால விளம்பரப் படம் நிஜம். விக்கப்போற கேமராதான் பொய். கடிதத்துல இருக்கற முதல் வரியும் இதையேதான் சொல்லுது. ‘கடையில் விற்கப்போகும்’னு கவனமா எழுதியிருக்காங்க.”

ஜி.எம். அசரவில்லை. “சரி, லென்ஸை மாத்தினோம். கடைக்கு வர்றவன் எதை எண்ண முடியுமோ அதைத்தான் சார் எண்ணுவான். பிக்சலை எண்ணலாம். லென்ஸ் நல்லா இருக்குன்னு எப்படி எண்றது? அது வியாபாரம். ஆனா மொட்டைக் கடிதம் ஒழுங்கீனம்! எழுதினவங்க யாரா இருந்தாலும் இன்னிக்கே வெளிய போகணும்.”

“யாரா இருந்தாலுமா?” என்றார் அண்ணி.

“யாரா இருந்தாலும்! இனிமே என் முகத்துலயே முழிக்கக் கூடாது!”

அண்ணி எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

வெளியே காத்திருந்த பெண்மணி உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, ஒடுங்கிய கன்னம். இதற்கு முன் பார்த்த முகமாக ரேடியோவுக்குத் தோன்றவில்லை. ஆனால் ஜி.எம். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, பாதியிலேயே நின்றார்.

“நீ... நீ எங்கே இங்க?”

“நான்தாங்க எழுதினேன்,” என்றார் அவர் மனைவி.

“முதல்ல ஒரு கேமரா கொண்டுவந்தார்,” என்று அவர் சேர்மனைப் பார்த்துச் சொன்னார். “அதுல எடுத்த படமெல்லாம் அழகா வந்துச்சு. ஒரு வாரத்துல திருப்பி எடுத்துட்டுப் போயிட்டார். அப்புறம் பெட்டியோட ஒண்ணு கொண்டுவந்தார். மக பட்டம் வாங்கின அன்னிக்கு அதை ஸ்டாண்டுல வெச்சு எல்லாரும் நின்னு எடுத்தோம். எங்க வீட்டுல நடுவுல நிக்கறது எப்பவும் இவர்தான். நான் ஓரம். படத்தைப் பார்த்தா நான் ரெண்டாள் அகலம் இருந்தேன். இது என்னங்கன்னு கேட்டேன். கேமராவுல ஒரு குறையும் இல்ல, உன் உடம்பைப் பாருன்னார். சொந்தக்காரங்க எல்லாருக்கும் அந்தப் படத்தை அனுப்பினார். ஆபீஸ்ல வேற மாட்டினார். நாலு மாசம், ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டேன். எடை பார்க்கற மெஷின் இறங்குதுங்குது. மறுபடி எடுத்தா படத்துல அதே அகலம். என் கண்ணையே நான் நம்பல. அப்புறம் விளம்பரத்துல அந்த சலூன்காரர் ஓரத்துல நின்னும் அளவா இருக்கறதைப் பார்த்தேன், அது முதல் கேமரா எடுத்ததுன்னு புரிஞ்சுது. கடைசியில ஒருநாள் இவரை ஓரத்துல நிக்கவெச்சு நான் எடுத்தேன்.”

“வந்துச்சா?” என்றார் சேர்மன் ஆவலாக.

அவர் தன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். சேர்மன் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு ஜி.எம்.மைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“மெகா,” என்றார்.

ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டான். காலையில் அந்தச் சட்டத்தைப் பார்த்துத் தான் நினைத்தது ஞாபகம் வந்து, காது மடல் சுட்டது.

“பேர் போட பயமா இருந்துச்சு,” என்று அவர் பரிசோதகர் அம்மாவிடம் திரும்பினார். “என்னால உங்க வேலைக்கு வினை வரும்னு நினைக்கல. இவங்க போன் பண்ணிச் சொன்னப்பதான் தெரிஞ்சுது. மன்னிச்சிடுங்க.”

“நீங்க ஏன் மன்னிப்புக் கேக்கறீங்க?” பரிசோதகர் அம்மா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் மெஷின் வெச்சுக் கண்டுபிடிச்சதை நீங்க சாப்பாட்டை விட்டுக் கண்டுபிடிச்சிருக்கீங்க.”

சேர்மன் டிஸ்மிஸ் கடிதத்தைக் கையில் எடுத்தார், நாலாகக் கிழித்தார். பெட்டிகள் எதுவும் வெளியே போகக் கூடாது என்றார். பழைய லென்ஸே வர வேண்டும் என்றார். அதுவரை ஜி.எம். கிடங்கில் உட்கார்ந்து, தேங்கிக் கிடக்கும் பெட்டிகளை எண்ணட்டும் என்றார். “எண்றதுல உங்களுக்குத்தான் அவ்வளவு நம்பிக்கையாச்சே.”

விளம்பர மேனேஜர் மெல்லக் கையைத் தூக்கினார். “சார், பெட்டி மேல ‘20’ போட்ட இடம் காலியாயிடுமே. ‘அஞ்சு கண்ணாடி, ஆறு தகடு, மொத்தம் பதினொண்ணு’ன்னு போட்டுக்கலாமா?”

எல்லோரும் நாற்காலியைத் தள்ளி எழுந்தார்கள். அவர் குறித்துக்கொண்டார்.

“அண்ணி, எப்போ தெரிஞ்சுது?” என்று வராந்தாவில் கேட்டான் ரேடியோ.

“ஓரத்துல நிக்கறவங்கன்னா நீ கவிதைன்னே, அவர் யூனியன்னார். எனக்குப் படத்தோட ஓரம்தான் ஞாபகம் வந்துச்சு. முதல் கேமராவையும் ரெண்டாவது கேமராவையும் வீட்டுக்குள்ளேயே பார்த்து, படத்துல ஓரத்துலயும் நின்னது ஒருத்தர்தான். போன்ல, அந்தக் குடும்பப் படத்துல ஓரத்துல நிக்கறது நீங்கதானேன்னு கேட்டேன். அழுதுட்டாங்க.”

கீழே பரிசோதனைக் கூடத்தின் கதவு திறந்திருந்தது. பரிசோதகர் அம்மா தன் நாற்காலியின் தூசியைத் தட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டு நிறைய பிளாஸ்டிக் லென்ஸ்கள். அருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜி.எம்.மின் மனைவி. அவர் கையில், கேன்டீனிலிருந்து வரவழைத்த தட்டு. வேக வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பரிசோதகர் அம்மா ஒரு லென்ஸை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். குப்பைக்கூடையில் போட்டார். ‘டக்’ என்றது.

“நான் ஒண்ணு பார்க்கட்டுமா?” என்றார் பக்கத்தில் இருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு.

“பாருங்க. ஓரத்துலேர்ந்து ஆரம்பிங்க.”

அவர் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். நிதானமாகப் பார்த்தார். ‘டக்’.